சேற்றுக்கும் மணலுக்கும் ஒடுக்கமான டயர்: கெப் வாகனத்துக்கு டயரும் ரிம்மும் தெரிவு செய்தல்

திருகோணமலையில் கெப் (பின்னால் சுமைத்தட்டு உள்ள பிக்கப்) வாகனம் வைத்திருப்பவர்கள் டயர் மாற்ற நினைத்தவுடன் முதலில் அகலத்தைத்தான் கூட்டுகிறார்கள். 265 மில்லிமீற்றர் அகலம் இருந்த இடத்தில் 285 போட்டால் வண்டி நிமிர்ந்து நிற்கும், மணலிலும் புதையாது என்பது பொதுவான எண்ணம். தம்பலகாமத்து வயல் வரம்பிலும் உப்பாற்றுக் கரையிலும் பல ஆண்டுகள் வண்டி ஓட்டியதில் எனக்கு ஏற்பட்ட முடிவு இதற்கு மாறானது: மழைக்காலச் சேற்றில் சுமையோடு போய்வரும் வண்டிக்கு டயரின் அகலத்தைக் குறைத்து உயரத்தைக் காப்பதே நல்லது.

ஒரு மார்கழி மாதத்தில், அறுவடைக்கு முந்திய மழை விட்ட மறுநாள், ஒரே வயல் பாதையில் இரண்டு கெப் வாகனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. முன்னே போனதில் ஒடுக்கமான டயர், பின்னே வந்த எனதில் அகன்ற டயர். என் வண்டி நடுவழியில் நின்றுவிட்டது. இறங்கிப் பார்த்தேன். முன்வண்டியின் தடம் ஒரு சாண் ஆழம் இறங்கி, அடியில் பருக்கைக் கல் தெரியும்படி இருந்தது. அந்தக் கல்லைப் பிடித்துத்தான் அது ஏறிப் போயிருக்கிறது. என் தடத்தின் அடியில் வழுவழுப்பான களிமண் மட்டுமே இருந்தது. டயருக்கு முன்னால் மண் வரப்புப் போலக் குவிந்திருந்தது. அகன்ற டயர் சேற்றின் மேல் மிதந்துகொண்டு, அந்தச் சேற்றைத் தள்ளிக்கொண்டே போக முயன்றிருக்கிறது.

இதன் காரணம் எளிது. டயர் நிலத்தைத் தொடும் பரப்பை அதன் மேல் இருக்கும் பாரமும் உள்ளே இருக்கும் காற்றழுத்தமுமே பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. அதனால் ஒரே பாரத்துக்கும் ஒரே அழுத்தத்துக்கும் ஒடுக்கமான டயரும் அகன்ற டயரும் ஏறக்குறைய ஒரே அளவு பரப்பைத்தான் தொடும். வேறுபடுவது அந்தப் பரப்பின் வடிவம்: அகன்றதில் நீளம் குறைந்து அகன்றிருக்கும், ஒடுக்கமானதில் நீண்டு மெலிந்திருக்கும். நீண்ட தடம் முன்னால் தள்ளும் மண் குறைவு. மழைநீர் நிற்கும் தார் வீதியிலும் நீரை வெட்டிக்கொண்டு போகும். மூதூர், வெருகல் பக்கத்து வழிகளைப் போல மேலே சேறும் கீழே உறுதியான மண்ணும் இருக்கும் இடங்களுக்கு இதுவே ஏற்றது. அடி காணாத சதுப்பிலும், குச்சவெளிக்கு அப்பால் கடலோரத்தில் காய்ந்து தளர்ந்து கிடக்கும் மணலிலும் அகன்ற டயருக்கு மேலான இடம் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. வாரத்தில் ஐந்து நாள் மணலில் படகு இழுப்பவர் இந்த வழிகாட்டலைப் பின்பற்ற வேண்டாம். எப்போதாவது கரையில் இறங்குபவருக்குக் காற்றைக் குறைத்தாலே போதும். உயரமான ஒடுக்கமான டயர் காற்று குறையும்போது நீளவாக்கில் நன்றாகப் படியும்.

அளவைப் படிக்கும் முறையைத் தெரிந்துகொண்டால் கடைக்காரரை நம்பி நிற்க வேண்டியதில்லை. டயரின் பக்கச்சுவரில் 265/65 ஆர் 17 என்று இருந்தால், அகலம் 265 மில்லிமீற்றர், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம், ரிம்மின் விட்டம் 17 அங்குலம். பக்கச்சுவர் மேலும் கீழும் இரண்டு முறை வருவதால் அதை இரட்டித்து, 17 அங்குலத்துக்குரிய 432 மில்லிமீற்றரைக் கூட்டினால் மொத்த உயரம் 776 மில்லிமீற்றர். இப்போது 215/85 ஆர் 16 என்ற அளவைக் கணக்கிட்டுப் பாருங்கள்: 772 மில்லிமீற்றர் வரும். உயரத்தில் 4 மில்லிமீற்றர்தான் வித்தியாசம், அகலத்தில் 50 மில்லிமீற்றர் குறைவு. 17 அங்குல ரிம்மோடு வந்த டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற வண்டிக்கு நான் முதலில் சொல்லும் மாற்று இதுதான். சற்று உயரம் வேண்டுமானால் 235/85 ஆர் 16 இருக்கிறது. அது 806 மில்லிமீற்றர் உயரம். பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டர்களில் நெடுங்காலம் ஓடிய அளவு. ஆனால் 776க்குப் பழகிய சக்கர வளைவில் 806 இடிக்கக்கூடும், ஆகவே ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்க்காமல் வாங்கக்கூடாது.

சதவீதம் குறிக்காத 205 ஆர் 16 அளவைப் போட்டு வந்த பழைய வண்டிகளில் 235/85 போடும்போது இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். உயரம் ஏறக்குறைய 734இல் இருந்து 806 ஆகிறது. வேகமானி 60 காட்டும்போது வண்டி உண்மையில் 66 கிலோமீற்றர் வேகத்தில் போகும். கியர் கனத்துத் தெரியும், பிரேக்கும் முன்னைப்போல் உடனே பிடிக்காது. கந்தளாய் வழியாகக் கொழும்புக்கு அடிக்கடி ஓடுபவருக்கு இது சிறிய விடயமல்ல.

பாரம் தாங்கும் எண்ணைப் பலர் பார்ப்பதே இல்லை. 112 என்றால் ஒரு டயர் 1120 கிலோ, 115 என்றால் 1215 கிலோ, 120 என்றால் 1400 கிலோ. 215/85 ஆர் 16இன் எல்.ரி. (இலகு பாரவண்டிக்கான டயர்) வகையில் 115 கிடைக்கிறது. அகன்ற 265/65 ஆர் 17 பெரும்பாலும் 112தான். ஒடுக்கமானது பாரம் தாங்காது என்ற அச்சத்துக்கு இதுவே பதில். ஆனால் அந்த 1215 கிலோ முழு அழுத்தத்தில் மட்டுமே உண்டு. எல்.ரி. டயரின் சுவர் தடிப்பானது, அதிக காற்றைக் கேட்கும். பழைய டயருக்கு வைத்த அதே காற்றளவைப் புதியதற்கும் வைத்து நெல் மூட்டை ஏற்றினால் டயர் சூடேறிப் போகும்.

சரியான காற்றைக் கண்டுபிடிக்க ஒரு சோக்குக் கட்டி போதும். வழக்கமான சுமையை ஏற்றி, டயரின் ஓடுபரப்பில் குறுக்காக ஒரு தடித்த கோடு இழுத்து, சமமான தார் வீதியில் பத்துப் பதினைந்து அடி நேராக ஓட்டிவிட்டு இறங்கிப் பாருங்கள். கோடு நடுவில் மட்டும் அழிந்திருந்தால் காற்று கூடுதல், இரு ஓரங்களில் மட்டும் அழிந்திருந்தால் குறைவு, முழுவதும் ஒரே சீராக மங்கியிருந்தால் சரி. அப்போதைய காற்றழுத்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ரிம் விடயத்தில்தான் நான் பணத்தை இழந்தேன். பாவித்த இரும்பு ரிம் நான்கு வாங்கினேன்; ஆறு துளையும் கச்சிதமாக ஒத்திருந்தன. வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டிப் பார்த்தால் நடுத்துளை ஹப்பில் (ரிம் உட்காரும் அச்சு முனையில்) ஏறவே இல்லை. அவை மிட்சுபிஷி எல் 200க்கு உரியவை, என்னுடையது ஹைலக்ஸ். இரண்டுக்கும் துளை வட்டம், அதாவது ஆறு துளையும் அமையும் வட்டத்தின் விட்டம், 139.7 மில்லிமீற்றர்தான், ஆனால் நடுத்துளை ஒன்றில் 67, மற்றதில் 106 மில்லிமீற்றர். விற்றவர் திருப்பி எடுக்கவில்லை. நிசான் நவாராவின் சில மாதிரிகளில் துளை வட்டமே 114.3, ஆகவே ஆறு துளை என்ற ஒரு சொல்லை நம்பி எதையும் வாங்காதீர்கள். நடுத்துளையைக் கடைசல் பட்டறையில் பெரிதாக்கித் தருகிறேன் என்று சொல்பவரிடமும் போக வேண்டாம்.

அகலத்திலும் பொருத்தம் வேண்டும். 215/85க்கு 5.5 முதல் 7 அங்குலம் வரையும், 235/85க்கு 6 முதல் 7.5 வரையும் ரிம் ஏற்கும். ஒடுக்கமான டயரை 8 அங்குல ரிம்மில் இழுத்து மாட்டினால் பக்கச்சுவர் விரிந்து நிற்கும். காற்றைக் குறைக்கும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும், ரிம்மின் உதடும் கல்லில் நேராக அடிபடும். ரிம்மில் பொறித்திருக்கும் ஈ.ரி. எண் (ரிம்மின் நடுக்கோட்டில் இருந்து அது ஹப்பில் பொருந்தும் முகம் எவ்வளவு விலகியிருக்கிறது என்ற அளவு) வண்டியோடு வந்ததற்கு அண்மையில் இருக்கட்டும். 17இல் இருந்து 16க்கு இறங்குவதாயின், டயர் பூட்டுவதற்கு முன்பே வெறும் ரிம்மை மாட்டிக் கையால் ஒரு முழுச்சுற்றுச் சுற்றி, பிரேக் கலிப்பரில் எங்கும் உரசவில்லை என்று கண்ணால் பார்க்க வேண்டும்.

அலோயை விட்டு இரும்புக்கு மாறும்போது நட்டையும் மாற்றுங்கள். டொயோட்டாவின் அலோய் ரிம்முக்கு வரும் நட்டில் தட்டையான வளையம் இருக்கும், இரும்பு ரிம்மின் துளை கூம்பு வடிவிலானது. தட்டை நட்டு அங்கே உட்காராது. இறுகியது போலத் தோன்றி, ஓட ஓடத் தளர்ந்துவிடும். சக்கரம் மாட்டி ஐம்பது முதல் நூறு கிலோமீற்றர் ஓடியபின் எல்லா நட்டையும் மீண்டும் ஒருமுறை இறுக்குவது கட்டாயம்.

ஓடுபரப்பின் வகையைப் பொறுத்தவரை, தார் வீதியிலும் வயலிலும் பாதிப் பாதி ஓடுபவருக்கு ஏ.ரி. (எல்லா நிலத்துக்குமான வகை) போதும், அதிலும் இடைவெளி அகன்றதாகப் பாருங்கள். நெருக்கமான வெட்டுகளில் வயற்களி நிரம்பினால் டயர் வழுவழுப்பாகிவிடும். எம்.ரி. (சேற்றுக்கான வகை) சேற்றை உதறும், ஆனால் நனைந்த தாரில் வழுக்கும். தயாரித்த நாளைப் பக்கச்சுவரின் நான்கு இலக்கத்தில் பாருங்கள்: 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். மேலதிகச் சக்கரமும் அதே அளவாக இருக்க வேண்டும், ஏனெனில் நான்கு சக்கர இயக்கத்தில் ஓடும்போது உயரம் மாறுபட்ட ஒரு டயர் கியர்ப் பெட்டியைத் தேய்த்துவிடும்.

கரையில் இறங்கும் நாளில் வெறும் வண்டிக்கு 18 அல்லது 20 பிஎஸ்ஐ வரை குறைத்து, மெதுவாக, கூரிய திருப்பம் இல்லாமல் ஓட்டுங்கள். தாரில் ஏறுமுன் காற்றை நிரப்புங்கள். அன்றைக்கே ரிம்மின் உட்பக்கத்தையும் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். எங்கள் உப்புக்காற்றில் இரும்பு ரிம் டயர் உட்காரும் விளிம்பில்தான் முதலில் துருப்பிடிக்கிறது. ஆணி குத்தாமலே காற்று மெல்ல மெல்ல இறங்கும் டயரைக் கழற்றிப் பார்த்தால் அந்த விளிம்பில் செந்துரு பொருக்காக நிற்கும். அதைக் கம்பித் தூரிகையால் சுரண்டி, பூச்சு இட்டு, காய்ந்தபின் பூட்டினால் காற்று நிற்கும்.