குளிர் நாட்டில் ஹைபிரிட் கார்: சூடாக்குவதற்கு முன் ‘ரெடி’ விளக்கைப் பாருங்கள்

திருகோணமலை உவர்மலையில் அம்மா வீட்டு விறாந்தையில் இருந்து எழுதுகிறேன். தை மழை இப்போதுதான் ஓய்ந்தது. மழை பெய்தும் வியர்க்கிறது, மின்விசிறி சுழல்கிறது. அக்காவின் மகன் இன்னும் ஒன்பது நாளில் கனடாவுக்கு, ரொறன்ரோவுக்கு ஏறுகிறான். நேற்று அவனும் அவனோடு படித்த இரண்டு பேரும் வந்து உட்கார்ந்து கார் பற்றிக் கேட்டார்கள். அங்கே போனதும் பழைய பிரியஸ் ஒன்று, அதாவது பெற்றோல் இஞ்சினும் பெரிய பற்றரியும் சேர்ந்து ஓட்டுகிற டொயோட்டா ஹைபிரிட் கார், எடுக்கலாம் என்று மூவருக்கும் எண்ணம். அக்காவிடம் இருக்கிற அக்குவாவும் டொயோட்டா ஹைபிரிட்தான். மருமகன் சொன்னான்: “எங்கட அக்குவா மாதிரித்தானே மாமா, பட்டனை அமத்தினால் சரிதானே?”

நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன். இங்கே ஆறு வருடம் ஹைபிரிட்டில் வாடகைக்கு ஹயர் ஓடியவன் நான். நிலாவெளி ஹோட்டல்களில் இருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு எத்தனை இரவு ஓடியிருப்பேன் என்று கணக்கே இல்லை. பின்சீட்டுப் பக்கத்தில் பெரிய பற்றரிக்குக் காற்று போகிற வலைக்குள் நிலாவெளி மணல் ஏறி அடைத்துவிடும். அதை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நானே கழற்றி ஊதி மாட்டுவேன். அந்த அனுபவம் எல்லாம் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் முதல் மாரிகாலத்தில் ஒரே காலையில் உதவாமல் போனது. அதனால்தான் இதை எழுதுகிறேன். எங்கள் ஊரில் இருந்து போகிற வேறு யாருக்கும் அந்தக் காலை வரக்கூடாது.

காகித வேலைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ரொறன்ரோ இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில் குடியேறிய பிறகு எங்கள் நாட்டு அனுமதிப்பத்திரத்தோடு 60 நாள்தான் ஓட்டலாம். அதற்குள் எழுத்துப் பரீட்சை எழுதி ஜீ1 என்கிற பழகுநர் அனுமதிப்பத்திரத்தை எடுங்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் ஓட்டிய அனுபவத்துக்கான கடிதம் ஒன்றை இங்கேயே வாங்கிக்கொண்டு ஏறுங்கள்; அங்கே போய்விட்டு அம்மாவை அதற்காக அலைய விடாதீர்கள். காப்புறுதி இல்லாமல் ஒரு முழம்கூட ஓட்டக்கூடாது. நான்கு ரயரும் மாரிகால ரயராக இருக்கட்டும். சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் அப்பா டொல்பின் வான் வைத்திருந்தார். டீசல். விடியற்காலையில் ஸ்டார்ட் பண்ணி, அது உறுமிக்கொண்டிருக்க, அவர் பல் துலக்கி, முகம் கழுவி, தேநீர் குடித்துவிட்டுத்தான் ஏறுவார். “இஞ்சினுக்கு எண்ணெய் ஏறவேணும்” என்பார். அந்தக் காலத்து வண்டிக்கும் அந்தக் காலத்து எண்ணெய்க்கும் அது சரி. இப்போதைய ஹைபிரிட்களுக்குப் போடுகிற 0டபிள்யூ-20 எண்ணெய் கடும் குளிரிலும் இளகியே இருக்கும். அரை நிமிடம், ஒரு நிமிடம் போதும். அதற்குப் பிறகு மெதுவாக ஓட்டினால் இஞ்சின் தானாகச் சூடேறும். நின்றபடி இயங்குகிற காரின் இஞ்சினைவிட ஓடுகிற காரின் இஞ்சின்தான் சீக்கிரம் சூடாகும். ரொறன்ரோ நகரசபைச் சட்டப்படி 60 நிமிடத்துக்குள் 1 நிமிடத்துக்கு மேல் வண்டியைச் சும்மா ஓடவிட்டு நிறுத்தி வைக்கவும் கூடாது.

இன்னொரு பழக்கத்தையும் இங்கிருந்து கொண்டுபோனேன். 2022இல் பெற்றோல் வரிசையில் நின்றவர்களுக்கு விளங்கும். சீனக்குடாவில் 99 எண்ணெய்த் தாங்கிகள் நிற்கிற ஊரில் நாங்கள் ஒரு போத்தல் பெற்றோலுக்குக் காருக்குள் படுத்து எழும்பினோம். காரை முழுதாக இயக்கினால் பற்றரி இறங்கும்போது இஞ்சின் தானே எழும்பிப் பெற்றோலைக் குடித்துவிடும். அதனால் பிரேக்கை மிதிக்காமல் பட்டனை இரண்டு தரம் அழுத்தி, டாஷ்போர்ட் விளக்கு மட்டும் எரிய, ரேடியோவும் காற்றும் போட்டுக்கொண்டு கிடப்போம். 30 பாகை வெயிலில் பற்றரி அதைத் தாங்கியது. கையும் அதற்குப் பழகிவிட்டது.

டொயோட்டா ஹைபிரிட்டில் நடப்பது இதுதான். பிரேக்கை மிதித்துக்கொண்டு பட்டனை அழுத்தினால் பச்சை நிறத்தில் ‘ரெடி’ என்று எரியும். அப்போதுதான் கார் உயிரோடு இருக்கிறது. குளிரில் சில நொடியிலேயே இஞ்சின் தானாக எழும்பும், கொஞ்சம் இரைச்சலாகவே ஓடும், ஹீற்றரைக் கூட்டி வைத்தால் இலேசில் நிற்காது. சூடு இஞ்சினைச் சுற்றி ஓடுகிற தண்ணீரில் இருந்துதான் வருகிறது, அதனால் இதைக் கோளாறு என்று நினைக்காதீர்கள். பிரேக்கை மிதிக்காமல் இரண்டு தரம் அழுத்தினால் டாஷ்போர்ட் எரியும், காற்றுவரும், பாட்டும் வரும். ஆனால் ‘ரெடி’ எரியாது, இஞ்சின் ஒருபோதும் எழும்பாது. அந்த வேளையில் எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுப்பது 12 வோல்ட் சின்னப் பற்றரி ஒன்றுதான்.

அந்தச் சின்னப் பற்றரியைப் பற்றி எங்கள் ஊரில் யாரும் பேசுவதில்லை. எல்லோரும் பெரிய பற்றரியைத்தான் கேட்பார்கள்: எத்தனை வருடம் நிற்கும், மாற்ற எவ்வளவு. அந்தக் காலத்துப் பிரியஸில் பெரியது 200 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல். இஞ்சினைச் சுற்றி எழுப்புவது அதுதான். ஆனால் அந்தப் பெரியதை வண்டியோடு இணைக்கிற சுவிட்சுகளும் கணினிகளும் விழிக்க 12 வோல்ட் வேண்டும். வீட்டுக்குள் நெல்லு மூட்டை மூட்டையாகக் கிடந்தாலும் திறப்பு இல்லாவிட்டால் பட்டினிதான், அது மாதிரி. இஞ்சினை இழுக்கிற வேலை இல்லாததால் இந்தப் பற்றரியைச் சிறிதாகவே வைத்திருப்பார்கள். மைனஸ் 18 பாகையில் ஈயப் பற்றரி ஏறக்குறையப் பாதி பலத்தை இழந்துவிடும். பழைய பற்றரி என்றால் சொல்லவே வேண்டாம்.

அன்று மைனஸ் 23. விடிகாலை 4:40. காலடியில் பனி சர்க்கரையை மிதிப்பதுபோல நறநறத்தது. 6 மணிக்கு வேலை. காருக்குள் இருந்தேன், கை விறைத்திருந்தது, காலில் கனத்த பூட்ஸ். பிரேக் பதிந்ததா என்று பாராமல், பழகின கையால் பட்டனை இரண்டு தரம் அழுத்தினேன். விளக்கு எரிந்தது. காற்றை உச்சத்தில் வைத்தேன், முன் லைற்றையும் போட்டேன். சத்தமே இல்லை. ஹைபிரிட் இப்படித்தானே, ஊரிலும் சத்தம் வராதே என்று நினைத்தேன். கண்ணாடியின் உள்பக்கம் என் மூச்சே பனியாய்ப் படிந்திருந்தது. சூடாகட்டும் என்று விட்டுவிட்டு உள்ளே போய்த் தேநீர் ஊற்றினேன், அப்பா செய்ததைப் போலவே. குடித்துவிட்டு வரும்போது 35 நிமிடம் போயிருந்தது. டாஷ்போர்ட் மங்கி, அடியில் எங்கோ டிக் டிக் டிக் என்று பல்லி சொல்வதுபோல ஒரு சத்தம். பிறகு அதுவும் நின்றது. காருக்குள் வெளியைவிடக் குளிர். அந்த நேரத்தில் எங்கள் ஊர்க் கன்னியா வெந்நீர்க் கிணற்றுத் தண்ணீர் நினைவுக்கு வந்தது. ஏழு கிணற்றிலும் மாறி மாறி வாளியால் அள்ளி ஊற்றுவோம், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சூடு. யாராவது ஒரு வாளி ஊற்ற மாட்டார்களா என்று இருந்தது.

இதுவரை நடந்தது சின்னப் பிழை. இதற்குப் பிறகு நடந்ததுதான் என் காசைத் தின்றது.

அந்தக் காரில் சின்னப் பற்றரி பின்பக்கம், சாமான் வைக்கிற இடத்தின் ஓரத்தில் இருந்தது. மின்சாரம் செத்துவிட்டதால் பின்கதவும் திறக்கவில்லை. பின்சீட்டுக்கு மேலால் ஏறிப் படுத்துக்கொண்டு தேடினேன். பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனிதர், தன்னுடைய வண்டியையும் வயர்களையும் கொண்டுவந்தார். வயர் பழையது, சிவப்பும் கறுப்பும் வெளுத்து ஒரே நிறம். தெருவிளக்கு வெளிச்சம், கையில் தடித்த கையுறை, இரண்டு பேருக்கும் அவசரம். நான்தான் மாறிக் கொளுவினேன். ஒரு பொறி, சின்னதாக ஒரு ‘டப்’, பிறகு கருகின மணம். சாதாரணக் காரில் என்றால் ஒரு வேளை ஃபியூஸோடு போகும். ஹைபிரிட்டில் பெரிய பற்றரியின் மின்சாரத்தை 12 வோல்ட்டாக்குகிற பகுதியும் அதே வழியில்தான் இருக்கிறது. எனக்கு ஃபியூஸும் போய் அதுவும் போனது. இழுவை வண்டிக்காசு தனி, அன்றைய சம்பளம் தனி. மொத்தமாக அரை மாதச் சம்பளத்துக்கு மேல் போனது.

அதற்கு மேலும் ஒன்று. முதலில் கொண்டுபோன கராஜில் பத்து நிமிடம்கூடப் பார்க்காமல் “பெரிய பற்றரி போய்விட்டது, மாற்ற வேண்டும்” என்று ஆயிரக்கணக்கில் ஒரு தொகை சொன்னார்கள். இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது. ஆறு வருடம் பெரிய பற்றரியோடு வாழ்ந்தவன் என்பதால் நான் ஒத்துக்கொள்ளவில்லை, வேறு இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே மீற்றர் வைத்துப் பார்த்தவர் பெரிய பற்றரி சுகமாக இருக்கிறது என்றார். இன்றும் அதே பற்றரியில்தான் ஓடுகிறேன். புதிதாக வந்த பிள்ளைகள் பாஷையும் தெரியாமல், வேலைக்கும் பிந்தி, குளிரில் நிற்கும்போது இப்படி ஒரு தொகையைச் சொன்னால் தலையாட்டிவிடுவார்கள். ஆட்டாதீர்கள். முதலில் 12 வோல்ட்டை அளக்கச் சொல்லுங்கள்.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். ஐப்பசி பிறந்ததும் 12 வோல்ட் பற்றரியைச் சோதிக்கக் கொடுக்கிறேன். பலம் குறைந்திருந்தால் குளிர் வருமுன்னரே மாற்றிவிடுவேன். பற்றரி காருக்குள்ளே இருக்கிற வகைக்கு, வாயு வெளியே போகக் குழாயுள்ள, அமிலம் சிந்தாத ஏஜீஎம் வகைதான் போட வேண்டும். மலிவு என்று சாதாரணப் பற்றரியைத் திணிக்கக் கூடாது. செத்த பற்றரியை எழுப்புகிற கையடக்க பூஸ்டர் ஒன்று வாங்கிவிட்டேன், அதைக் காரில் வைக்காமல் வீட்டுக்குள் சூட்டில் வைக்கிறேன். பல பிரியஸ்களில் முன்பக்க பொனற்றுக்குள் ஃபியூஸ் பெட்டியில் சிவப்பு மூடி ஒன்று இருக்கும். அதைத் தூக்கினால் பிளஸ் முனை. மைனஸை வெறும் இரும்பில் கொளுவ வேண்டும். பின்கதவைத் தேடி அலைய வேண்டியதில்லை. இது எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கிற இரும்புத் திறப்பை ஒருமுறை இழுத்தெடுத்துக் கதவில் போட்டுப் பாருங்கள், பற்றரி செத்தால் அதுதான் கதவு திறக்கும். செம்மஞ்சள் நிற வயர்கள் எதையும் தொடக்கூடாது. உங்கள் ஹைபிரிட்டை வைத்து இன்னொருவருடைய காரை எழுப்பவும் போகாதீர்கள், அவர் எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும். பூஸ்டரைக் கொடுங்கள்.

காலையில் முதலில் புகைக்குழாயை மூடிய பனியை அள்ளுங்கள். பிறகு கண்ணாடிகளையும் கூரையையும் துடையுங்கள். அதை முடித்துவிட்டு ஏறி, பிரேக், பட்டன், ‘ரெடி’; ஒரு நிமிடத்துக்குள் புறப்படுங்கள். திறப்பு சட்டைப் பையில் இருக்கட்டும், காரை விட்டு வீட்டுக்குள் போகாதீர்கள். திறப்பு தூரப் போனாலும் இயங்குகிற கார் நிற்காது, எடுத்துக்கொண்டு போகிறவன் போய்விடுவான். முதல் பத்து நிமிடம் மெதுவாக ஓட்டுங்கள். கட்டையான ஓட்டங்களில் மைனஸ் 7 பாகையிலேயே ஹைபிரிட்டின் சிக்கனத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை போய்விடும், கவலைப்பட்டுக் காரைக் கராஜுக்குக் கொண்டு ஓடாதீர்கள். இஞ்சினைச் சூடாக்கும் மின் ஹீற்றர் இருந்தால் இரவு முழுக்கப் போட வேண்டாம், ரைமர் வைத்துப் புறப்படுவதற்கு 2 மணி நேரம் முன்பு எழுப்பினால் போதும். பின்சீட்டில் ஈரக் கோட்டுகளைக் குவிக்கும்போது பெரிய பற்றரியின் காற்றுவழியை மூடாதீர்கள். இங்கே மணல் என்றால் அங்கே கோட்டு.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். வீட்டோடு ஒட்டிய கராஜுக்குள் காரை ஒருபோதும் சூடாக்காதீர்கள், கதவு திறந்திருந்தாலும் வேண்டாம். ஹைபிரிட் அமைதியாக இருக்கும், நிறுத்திவிட்டோம் என்று நினைத்து இறங்கிப் படுத்துவிடுவீர்கள். பற்றரி இறங்கியதும் இஞ்சின் தானே எழும்பும். அந்தப் புகையில் இருக்கிற காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. வெளிநாடுகளில் இப்படித் தூக்கத்திலேயே போனவர்கள் இருக்கிறார்கள். அடித்தள அறையில் வாடகைக்கு இருக்கப் போகிற பிள்ளைகள் போன முதல் நாளே அந்த வாயுவுக்கான அலாரம் வேலை செய்கிறதா என்று அழுத்திப் பாருங்கள்.

நேற்றிரவு அக்காவின் அக்குவாவில் மருமகனை இருத்தினேன். அப்பாவின் பழைய கனத்த பூட்ஸைக் காலில் போடச் சொன்னேன், தோட்டக் கையுறையையும் கொடுத்தேன். முதல் இரண்டு தரமும் பூட்ஸ் பிரேக்கில் பதியவில்லை, டாஷ்போர்ட் மட்டும் எரிந்தது, காற்று வந்தது. “ஸ்டார்ட் ஆகிட்டுது மாமா” என்றான். பச்சை எங்கே என்று கேட்டேன். குனிந்து தேடினான். மூன்றாவது தரம் காலை நன்றாக ஊன்றி மிதித்தான். ‘ரெடி’ எரிந்தது. போகும் வரை தினமும் இரவு இதைச் செய்யச் சொல்லியிருக்கிறேன், பூட்ஸோடு.