கோணம் ஒரு டிகிரி திரும்பினால் புள்ளி எங்கே போகும்?

ஒரு புள்ளியை ஆதிப்புள்ளியை, அதாவது (0, 0)வைச் சுற்றிக் கொஞ்சமே கொஞ்சம் திருப்பினால் அதன் புது இடத்தைக் கண்டுபிடிக்க சைன், கொசைன் எதுவும் வேண்டாம், பெருக்கலும் கூட்டல் கழித்தலும் போதும்.

முதலில் கோணத்தை ரேடியனுக்கு, அதாவது கோணத்தை அளக்கும் இன்னொரு அலகுக்கு மாற்றிவிடுங்கள். 1 டிகிரி என்பது 0.01745 ரேடியன். இதை மறந்து டிகிரியை அப்படியே போட்டால் மாற்றம் 57 மடங்கு பெரிதாக வரும், பெரும்பாலான தப்புக் கணக்குகள் இங்கேதான் ஆரம்பிக்கின்றன.

அப்புறம், ஒய்யைக் கோணத்தால் பெருக்கி எக்ஸிலிருந்து கழியுங்கள். பழைய எக்ஸைக் கோணத்தால் பெருக்கி ஒய்யோடு கூட்டுங்கள். இது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருப்பும்போது. முள் போகும் பக்கமாகத் திருப்பினால் இரண்டு குறிகளும் மாறும்.

(80, 60) என்ற புள்ளியை 1 டிகிரி திருப்பிப் பார்ப்போம். எக்ஸ் 1.047 குறைகிறது, ஒய் 1.396 கூடுகிறது, ஆக (78.953, 61.396). சைன், கொசைன் போட்டுச் சரியாகக் கணக்கிட்டால் (78.941, 61.387). ஆதிப்புள்ளியிலிருந்து தூரம் 100 இருக்கும்போது பிசகு 0.015தான்! ஆனால் கோணத்தைப் பத்து மடங்காக்கினால் பிசகு கிட்டத்தட்ட நூறு மடங்காகிவிடும், அதனால் 10 டிகிரிக்கெல்லாம் இந்த வழியை நம்ப வேண்டாம்.

எக்ஸும் ஒய்யும் ஏன் இப்படி இடம் மாறுகின்றன? சுற்றும் புள்ளி எப்போதும் ஆரத்துக்குச் செங்குத்தாகத்தான் நகரும், (80, 60) திசைக்குச் செங்குத்து (−60, 80). எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது (100, 0). அங்கே 1 டிகிரி திருப்பினால் ஒய் 1.745 ஏறிவிடுகிறது, எக்ஸோ சரியான கணக்கில்கூட 100லிருந்து 99.985க்குத்தான் வருகிறது, அதாவது அசைந்த மாதிரியே தெரியாது. கோணம் அதே 1 டிகிரிதான், புள்ளி எந்த அச்சை ஒட்டி இருக்கிறதோ அதைப் பொறுத்து பெரிய மாற்றம் எக்ஸுக்கா ஒய்யுக்கா என்பது மாறுகிறது.

நிரல் எழுதுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதே கணக்கை 360 தடவை ஓட்டினால் வட்டம் மூடாது, ஒவ்வொரு அடியிலும் ஆரம் துளித்துளியாக நீண்டு, ஒரு சுற்று முடியும்போது 100 என்பது சுமார் 105.6 ஆகி, சுருள் மாதிரி வெளியே போய்க்கொண்டே இருக்கும். செயற்கை நுண்ணறிவு முன்னோடி மார்வின் மின்ஸ்கி கண்டுபிடித்த வழி இதைச் சரிசெய்கிறது: முதலில் எக்ஸை மாற்றுங்கள், ஒய்யைக் கணக்கிடும்போது பழைய எக்ஸை விட்டுவிட்டு அந்தப் புது எக்ஸையே போடுங்கள். அவ்வளவுதான், பாதை மூடிக்கொள்ளும். கறாராகச் சொன்னால் அது நீள்வட்டம், ஆனால் கோணம் சிறிதாக இருக்கும்வரை கண்ணுக்கு வட்டம்தான்.

சுழலும் மையம் ஆதிப்புள்ளியாக இல்லாவிட்டால், மையத்தின் ஆயத்தொலைவுகளை முதலில் கழித்துவிட்டு, திருப்பி, கடைசியில் திரும்பக் கூட்டிவிடுங்கள். கணினித் திரையில் ஒய் கீழ்நோக்கிக் கூடுவதால் அங்கே எல்லாம் எதிர்ப்பக்கமாகச் சுற்றும், அதைப் பார்த்துக் குழம்பாமல் கோணத்தின் குறியை மட்டும் மாற்றினால் சரியாகிவிடும்.