சுவருக்குள் ஒழுகும் சுடுநீர்: தேடும்போது நாம் செய்யும் தவறுகள்

சிங்கப்பூரில், ஈசூனில் எங்கள் நாலறை வீட்டுக்கு நேர் கீழ்வீட்டில் இருக்கும் மாக்சிக் (மூத்த மலாய்ப் பெண்மணியை நாங்கள் அழைப்பது இப்படித்தான்) ஒருநாள் காலையில் கைப்பேசியை நீட்டியபடி வந்து நின்றார். அவர் வீட்டுக் குளியலறைக் கூரையில் இட்லி அளவுக்கு ஒரு மஞ்சள் கறை, நடுவில் ஒரு சொட்டு. பார்க்க வந்த பழுதுபார்ப்பவர் அந்தச் சொட்டில் விரலை வைத்தார். "தண்ணி ஜில்லுனு இருக்கு. ஹீட்டர் பைப் இல்ல, தரையிலதான் கோளாறு" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்பு. எங்கள் தரை டைல்ஸை உடைத்து, நீர்த்தடுப்புப் பூச்சைப் புதிதாகப் பூசி, மறுபடி டைல்ஸ் ஒட்டி, பணத்தையும் எண்ணிக் கொடுத்தோம். நாலாம் நாள் மாக்சிக் திரும்ப வந்தார். கறை தோசைக்கல் அளவுக்கு வளர்ந்திருந்தது.

சொட்டைத் தொட்டுப் பார்த்துச் சூடா, குளிரா என்று முடிவு கட்டியதுதான் நாங்கள் செய்த முதல் தவறு. சுவருக்குள் ஒழுகும் வெந்நீர் சிமெண்ட், மணல், கான்கிரீட் எல்லாவற்றிலும் ஊறி இறங்குவதற்குள் ஆறிப்போய்விடும். இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. ஹீட்டர் சுவிட்சை அணைத்தால் சுடுநீர்க் குழாயில் தண்ணீர் நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். தொட்டி வைத்த ஹீட்டரில் அப்படி நடக்காது. வீட்டுக்கு வரும் தண்ணீரின் அழுத்தம் எந்நேரமும் தொட்டிக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும், அதே அழுத்தம் சுடுநீர்க் குழாயிலும் இருக்கும். குளிக்கப் போகும் முன் கால் மணி நேரம் மட்டும் சுவிட்சைப் போடுவதுதானே நம் வழக்கம்? அப்படியென்றால் அந்த ஓட்டையில் காலையில் சற்று நேரம் வெந்நீரும், மீதி நாள் முழுக்கப் பச்சைத் தண்ணீரும் ஒழுகும். பிளம்பர் வருவது பகல் பதினொரு மணிக்கு. அவர் விரலில் என்ன படும்?

இரண்டாவது, தண்ணீர் பில்லை மட்டும் பார்ப்பது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 100 மில்லிலிட்டர், அதாவது அரை டம்ளர் ஒழுகுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 144 லிட்டர், மாதத்துக்கு ஏறக்குறைய 4.3 கன மீட்டர். 2025 ஏப்ரலிலிருந்து 40 கன மீட்டர் வரை ஒரு கன மீட்டருக்கு ஜிஎஸ்டிக்கு முன் 3.24 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). ஆகக் கூடுதல் செலவு 14 வெள்ளிதான். ஊரிலிருந்து விருந்தாளி வந்து தங்கினாலே அவ்வளவு ஏறும், யாரும் சட்டை செய்ய மாட்டார்கள். ஆனால் ஹீட்டர் எந்நேரமும் போட்டிருக்கும் வீட்டில் அதே தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடேற்ற மாதம் சுமார் 160 யூனிட் மின்சாரம் போகும். யூனிட்டுக்கு 30 காசு வைத்தாலும் 48 வெள்ளி. சுடுநீர்க் கசிவு முதலில் மின்சார பில்லில்தான் தலைகாட்டும் என்பதை எனக்கு யாரும் முன்னமே சொல்லவில்லை. ஏர்கான் மீது பழியைப் போட்டுப் பிள்ளைகளைத் திட்டியதுதான் மிச்சம். எங்களைப்போல் அவ்வப்போது மட்டும் ஹீட்டர் போடும் வீட்டில் ஏற்றம் குறைவாகத் தெரியும், ஆனாலும் தெரியும்.

சரி, எப்படித்தான் தேடுவது? வால்வைத் தொடாமல் சுத்தியலைத் தொடுவது எல்லாவற்றிலும் விலை கூடிய தவறு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் தண்ணீர் மீட்டர் வாசலுக்கு வெளியே நடைபாதைப் பெட்டிக்குள் இருக்கும். இரவு படுக்கும் முன் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டரைப் படம் எடுங்கள், விடியற்காலையில் யாரும் தண்ணீரைத் தொடும் முன் இன்னொரு படம். சிவப்பு எண்கள் நகர்ந்திருந்தால் எங்கேயோ ஒழுகுகிறது. தெங்கா, தெம்பனிஸ் போன்ற ஸ்மார்ட் மீட்டர் வந்த பேட்டைகளில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. முதலில் கழிப்பறைத் தொட்டியைச் சந்தேகப்படுங்கள். அதில் ஒரு சிட்டிகை கேசரி பவுடரைப் போட்டு அரை மணி நேரம் விடுங்கள். ஃப்ளஷ் செய்யாமலேயே கோப்பையில் ஆரஞ்சு இறங்கினால் சுவர் நிரபராதி.

அது சுத்தமாக இருந்தால் ஹீட்டர் சுவிட்சை அணைத்துவிட்டு, ஹீட்டருக்குள் தண்ணீர் போகும் வால்வை மூடுங்கள். மீட்டர் நின்றால் கசிவு சுடுநீர்ப் பக்கம். ஓடிக்கொண்டே இருந்தால் குளிர்நீர்ப் பக்கம். இவ்வளவுதான் சோதனை, ஆனால் இதிலும் ஏமாறலாம். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே பத்து வருடம் யாரும் தொடாத வால்வு முழுதாக மூடாது. அதனால் மூடிய பிறகு ஒரு சுடுநீர்க் குழாயைத் திறந்து பாருங்கள், சில நொடிகளில் தண்ணீர் ஓய்ந்துவிட வேண்டும். ஓயாமல் வந்தால், ஒன்று வால்வு பிடிக்கவில்லை, இல்லை சுடுநீரையும் குளிர்நீரையும் கலந்து தரும் மிக்ஸர் குழாய் வழியாகக் குளிர்நீர் சுடுநீர்ப் பக்கம் புகுந்துகொண்டிருக்கிறது. ஷவர் தலையில் உள்ள பொத்தானை மட்டும் அமுக்கிவிட்டு மிக்ஸரைத் திறந்தே விட்டுவிடும் பழக்கம் நிறைய வீடுகளில் உண்டு. அந்த நிலையில் இரண்டு குழாயும் உள்ளுக்குள் ஒன்றாகிவிடும், சோதனையும் பாழ்.

இன்னொன்றை அடித்துச் சொல்ல வேண்டும். ஹீட்டர் தொட்டியில் அழுத்தம் தணிக்கும் வால்வு ஒன்று இருக்கும். சூடேறும்போது தண்ணீர் விரிந்து கொஞ்சம் சொட்டுவது அதன் வேலை. அந்தச் சொட்டு வெளியேறும் குழாய் ஃபால்ஸ் சீலிங்குக்குள்ளேயே முடிந்தால், பார்ப்பவருக்குச் சுவர்க் கசிவு போலவே தெரியும். கண்ணுக்குத் தெரியும் இடத்துக்கு அதை இழுத்து வையுங்கள். சொட்டு எரிச்சலாக இருக்கிறது என்று அந்த வாயை அடைக்காதீர்கள். அடைத்தால் தொட்டியே வெடிக்கக்கூடும். ஓயாமல் சொட்டினால் வால்வை மாற்ற வேண்டும்.

தரைப் பூச்சா, குழாயா என்ற குழப்பத்துக்கு விடை சுலபம். பூச்சில் ஓட்டை என்றால் யாராவது குளித்தால்தான் கீழே சொட்டும். குழாயில் ஓட்டை என்றால் குளித்தாலும் குளிக்காவிட்டாலும் சொட்டும். சில நாள் அடுத்த குளியலறையைப் பயன்படுத்தியிருந்தால் எங்கள் டைல்ஸ் தப்பித்திருக்கும். கறைக்குப் பக்கத்தில் ஏர்கான் குழாய் போனால் அதன் வடிகாலையும் பார்த்துவிடுங்கள்.

வெப்பக் கேமரா கொண்டுவருபவர்கள் காட்டும் படத்தை அப்படியே நம்புவதும் கூடாது. மேற்கு பார்த்த சுவர் மாலை வெயிலில் காய்ந்து நிற்கும், படத்தில் அது சிவப்பாகத்தான் தெரியும். ஈரச்சுவரோ நீர் ஆவியாவதால் சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ந்துகூடத் தெரியலாம். விடியற்காலையில் ஹீட்டரைப் போட்டு, ஒரு சுடுநீர்க் குழாயையும் திறக்காமல் அரை மணி காத்திருந்து பார்க்க வேண்டும். யாரும் பயன்படுத்தாதபோது சூடாகும் குழாயில்தான் சங்கதி இருக்கிறது.

எங்கள் வீட்டில் அதைக் கண்டுபிடித்தது கேமரா அல்ல, என் மாமியார். காலையில் காப்பி போட்டுக்கொண்டிருந்தவர், குளியலறைக்கும் அடுப்படிக்கும் பொதுவான சுவரில் கையை ஊன்றினார். "மாப்பிள்ளை, இங்க வந்து கைய வச்சுப் பாருங்க. சோறு வடிச்ச பானை மாதிரி இருக்கு." அன்றைக்குத்தான் வால்வை மூடிப் பார்த்தோம். மீட்டர் நின்றது.

உரிமம் பெற்ற பிளம்பர் வந்து ஹீட்டரைக் கழற்றிவிட்டு, சுடுநீர்க் குழாயை மட்டும் பம்பு வைத்து அழுத்தினார். அழுத்தம் காட்டும் மானியின் முள் மெல்ல இறங்கியது. சூடாக இருந்த இடத்தில் இரண்டே டைல்ஸை எடுத்தார். உள்ளே செம்புக் குழாயின் முழங்கை வளைவில் பச்சைக் களிம்பு, அதற்கு நடுவில் ஊசி முனை ஓட்டை. பற்றவைக்கும்போது துடைக்காமல் விட்ட பசை வருடக்கணக்கில் அரித்திருக்கும் என்றார். சூடாகி நீண்டு, ஆறிச் சுருங்கும் குழாயில் வளைவும் இணைப்பும்தான் முதலில் களைக்குமாம். தரையின் பக்கம் போகவே தேவையிருந்திருக்கவில்லை. தரையைத்தான் உடைக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், உடைக்கும் முன் வீவக கிளை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். குளியலறைத் தரையை மாற்ற அனுமதி வேண்டும். தேய்மானத்தால் வரும் கூரைக் கசிவுக்குப் பாதிச் செலவை வீவக ஏற்கும் உதவித் திட்டமும் இருக்கிறது. நாங்கள் கேட்கவில்லை.

சரிசெய்த பிறகும் மாக்சிக் வீட்டில் சில நாள் சொட்டியது. கான்கிரீட்டில் ஊறிய நீர் வடிய நேரம் எடுக்கும். அவசரப்பட்டுச் சாயம் அடித்தால் அது உரிந்து விழும், புதுக் கசிவோ என்று பயமும் வரும். கறையைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்தோம். ஆறு வாரம் கழித்தும் கறை கோட்டைத் தாண்டவில்லை. அந்தச் சனிக்கிழமை நானே ஏணியோடு போய் வெள்ளை அடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.