நீலகிரியில் புதிதாகக் குடியேறுபவர்கள் வளர்ப்புப் பெற்றோராக ஆயத்தமாவது

பல ஆண்டுகள் வெளிநாட்டில் இருந்துவிட்டுக் குன்னூரிலும் கோத்தகிரியிலும் வந்து குடியேறும் தமிழ்க் குடும்பங்களில் சிலருக்கு, ஆதரவில்லாத ஒரு குழந்தையைத் தம் வீட்டில் வைத்து வளர்க்க வேண்டும் என்ற விருப்பம் இருக்கிறது. அவர்கள் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது, குழந்தையைத் தற்காலிகமாக வீட்டில் வைத்து வளர்க்கும் வளர்ப்புப் பராமரிப்பு வேறு, தத்தெடுப்பு வேறு என்பதே. சிறார் நீதிச் சட்டம், 2015இன் 44ஆம் பிரிவின்படி குழந்தையை உங்களிடம் ஒப்படைப்பது குழந்தைகள் நலக் குழு. பெற்றவர்கள் இருந்தால், குழு தடுக்காதவரை, அவர்கள் வந்து பார்க்கலாம். அவர்களால் இனிப் பராமரிக்க முடியும் என்று குழு கருதினால் குழந்தை அவர்களிடமே திரும்பிப் போகும். அப்படிப் போகும் நாளில் மகிழ்ச்சியோடு வழியனுப்ப முடியுமா என்று கணவனும் மனைவியும் விண்ணப்பிக்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். இரண்டு ஆண்டுகள் வளர்த்த பிறகு, சட்டப்படி தத்துக்குத் தகுதி பெற்ற குழந்தையைத் தத்தெடுக்க வழி உண்டு என்றாலும், அதை மட்டுமே எண்ணி வருவது குழந்தைக்கு நியாயமாகாது.

வளர்ப்புப் பராமரிப்புக்கான 2024ஆம் ஆண்டின் வழிகாட்டு நெறிமுறைகள் 35 முதல் 60 வயதுவரையுள்ள தனி நபர்களுக்கும் இடம் தருகின்றன. தனி ஆணிடம் ஆண் குழந்தை மட்டுமே ஒப்படைக்கப்படும். தம்பதியர் குறைந்தது இரண்டு ஆண்டுகள் நிலையான மணவாழ்வு நடத்தியிருக்க வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர்கள், தாங்கள் விண்ணப்பிக்க முடியுமா என்பதை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

விண்ணப்பித்தவர்களின் வீட்டுச் சூழலை அறியும் குடும்ப ஆய்வுக்கு வருபவர்கள் வீட்டின் ஆடம்பரத்தைப் பார்ப்பதில்லை. குழந்தைக்குப் படுக்க இடம், வெந்நீர், பள்ளி செல்லும் வழி ஆகியவற்றையே பார்ப்பார்கள். பள்ளி வழியைப் பற்றி நம் ஊரில் தனியாகவே சொல்ல வேண்டும். தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய பாதையில் காட்டெருமையும் கரடியும் நடமாடும் என்பதால், காலையிலும் மாலையிலும் உடன் நடக்க ஒரு பெரியவர் தேவை.

ஒப்படைக்கப்படும் குழந்தைகள் பெரும்பாலும் ஆறு வயதைக் கடந்தவர்கள். ஆயினும், இடம் மாறிய அச்சத்தில் இரவில் படுக்கையை நனைப்பது உண்டு. ஜூலை மழையில் உதகையில் மெத்தை நனைந்தால் நாள் கணக்கில் காயாது. ரப்பர் விரிப்பு ஒன்றும், மாற்றுப் போர்வைகள் இரண்டு மூன்றும் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். விடியற்காலையில் ஒரு சொல்லும் கடியாமல் விரிப்பை மாற்றிவிட்டு, குழந்தைக்கு உலர்ந்த உடையும் ஸ்வெட்டரும் கொடுங்கள். சமவெளியிலிருந்து வரும் குழந்தைக்கு இந்தக் குளிரே புதிது. சாப்பாட்டைத் தலையணைக்கடியில் ஒளித்து வைத்தாலும் அதைத் திருட்டாகக் கருத வேண்டாம்.

குழு மாதந்தோறும் வந்து ஆய்வு செய்ய வேண்டும் என்று சட்டமே கூறுகிறது. யாரும் முன்னறிவிப்பின்றி வீட்டுக்குள் வராத ஊர்களில் வாழ்ந்து பழகியவர்களுக்கு இது முதலில் உறுத்தலாம். ஆனால், புதிய வீட்டில் யாரையும் அறியாத குழந்தைக்கு அதுவே பெரிய பாதுகாப்பு. ஒன்றிய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகைக்கு இடமுண்டு. அதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். குழந்தையின் பெயரில் வரும் பணம் குழந்தைக்கே செலவாகட்டும். விண்ணப்பத்துக்கான விவரங்களை உதகையில் உள்ள மாவட்ட அலகில் பெறலாம். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் இருப்பவர்கள், மலைப்பாதையில் மண் சரியும் தென்மேற்குப் பருவமழைக்கு முன்பே இந்த அலுவலக வேலைகளை முடித்துக்கொள்ளலாம்.