போன் பேங்கிங் குரல் பதிவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போனில் வங்கியைக் கூப்பிடுபவர் கணக்குக்காரர்தானா என்று குரலை வைத்துச் சரிபார்க்க, முதலில் அவர் குரலைக் கிளையில் பதிய வேண்டும். போன மாதம் கிருஷ்ணகிரிக் கிளையில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் வாடிக்கையாளர்களின் குரலை அப்படிப் பதிவு செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஆரம்பத்தில் நான் செய்த அதே தவறுகளைத்தான் அவர்களும் செய்கிறார்கள். இரைச்சலில் பதியக்கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

யார் குரல் என்று பார்க்காமல் பதிவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் ஒரு அம்மா, போனைக் கையில் கொடுத்ததும் கூச்சத்தில் வாயே திறக்கவில்லை. கூட வந்த மகன், "நானே சொல்லிடறேன் சார்" என்று வாங்கி பதிவுக்கான வாசகத்தை மூன்று முறை சொன்னான், வரிசை நீளமாக இருந்ததால் நானும் சரி என்று விட்டுவிட்டேன். மகன் வேலைக்கு ஓசூர் போய்விட்டான். அறுவடை நேரத்தில் மண்டிக்காரர் பணம் போட்டாரா என்று கேட்க அந்த அம்மா கூப்பிட்டபோது குரல் பொருந்தவில்லை. திரும்பத் திரும்ப முயன்றதில் மோசடி என்று சந்தேகித்துக் கணக்கை முடக்கிவிட்டார்கள். காய் பறித்தவர்களுக்குக் கூலி கொடுக்க அவர் கடன் வாங்கினார்.

கணினிக்கு ஆளைத் தெரியாது. முதல் நாள் கேட்ட குரலையும் இன்று கேட்கும் குரலையும் ஒப்பிட்டு மதிப்பெண் போடும், அவ்வளவுதான். அதனால் ஆதாரில் இருக்கும் படத்தைப் பாருங்கள், ஆளைப் பாருங்கள், கணக்குக்காரர் தானே பேசும்வரை காத்திருங்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் தமிழ் வாசகத்தில் தடுமாறுவார்கள், அதற்காகப் பக்கத்தில் இருப்பவரைப் பேச விடாதீர்கள். பேசவே வராவிட்டால் பதிய வேண்டாம், பின் நம்பர் போதும்.

கிளையின் போனில் பதிவது

சாதாரணத் தொலைபேசி இணைப்பு சுமார் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் குரலைக் கடத்தும், அதிலும் ஒவ்வொரு போனின் மைக்கும் ஒரு மாதிரி. அதனால் வாடிக்கையாளர் தினமும் பேசும் பட்டன் போனிலேயே பதியுங்கள்.

புகார் வந்ததும் வரம்பைத் தளர்த்துவது

குரல் பொருந்தியதாக ஏற்க எத்தனை மதிப்பெண் வேண்டும் என்பதுதான் வரம்பு. அதைத் தளர்த்தக் கூடாது.

குரலை மட்டுமே நம்புவது

2017-ல் பிபிசி நிருபர் ஒருவருடைய இரட்டைச் சகோதரர் அவரைப் போலவே பேசி அவருடைய எச்.எஸ்.பி.சி. வங்கிக் கணக்குக்குள் நுழைந்தார். இப்போது செயற்கைக் குரலும் வந்துவிட்டது. பணம் நகரும் முன் ஓடிபியும் கேளுங்கள். அப்புறம், அந்த ஓடிபி யார் போனுக்குப் போகிறது என்று பதிவின்போதே பாருங்கள். அந்த அம்மாவின் கணக்கில் இருந்ததும் மகனுடைய நம்பர்தான்.