சாமி மேடைக்கு எல்.இ.டி. விளக்கு: சூடு போக வழி வையுங்கள்

போன தீபாவளிக்கு முன் சாமி மேடைக்குப் பின்னால் வைக்க 10 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்று செய்தேன். கோலாலம்பூர் ஜாலான் பாசாரில் வாங்கிய எல்.இ.டி.யை மரப்பெட்டிக்குள் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டி, முன்னால் கண்ணாடி போட்டு மூடிவிட்டேன். மூன்றாவது வாரமே வெளிச்சம் மங்கி, டேப் இளகி, எல்.இ.டி.யின் நடுவில் பழுப்பாக ஒரு வட்டம். பொருளில் குறையில்லை, சூடு வெளியே போக நான் வழி வைக்கவில்லை.

பழைய குண்டு பல்பு சூட்டையும் வெளிச்சத்தோடு சேர்த்து வீசிவிடும். எல்.இ.டி. அப்படியில்லை, கொடுக்கிற மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகி அதன் முதுகுப் பக்கம் இறங்கும், அங்கே அலுமினியம் இருந்தால் பரவிப் போகும், மரமோ பிளாஸ்டிக்கோ இருந்தால் அங்கேயே அடைந்து கிடக்கும். அதனால் ஹீட்சிங்க், அதாவது சூட்டை வாங்கிக் காற்றில் விடும் இதழ் இதழான அலுமினியத் துண்டு, கட்டாயம் வேண்டும்.

எவ்வளவு பெரியது? ஹீட்சிங்கின் விவரத்தில் ஒரு வாட்டுக்கு எத்தனை டிகிரி ஏறும் என்று ஓர் எண் இருக்கும், அது எவ்வளவு குறைவோ ஹீட்சிங்க் அவ்வளவு பெரியது, அவ்வளவு நல்லது. ஹீட்சிங்க் 60 டிகிரியைத் தாண்டக்கூடாது என்று வைத்துக்கொண்டு, அதிலிருந்து சுற்றியுள்ள காற்றின் சூட்டைக் கழித்து, வாட்டால் வகுங்கள். வெளிநாட்டுக் குறிப்புகள் பெரும்பாலும் 25 டிகிரி என்றே கணக்குப் போடும், அப்படிப் பார்த்தால் 10 வாட்டுக்கு 3.5 போதும். கோலாலம்பூரில் மத்தியானம் 33 டிகிரி, அப்போது 2.7 வேண்டும். மூடிய பெட்டிக்குள் காற்று 40-ஐத் தொட்டால் 2 தான். அதே விளக்குக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு ஹீட்சிங்க்! நம்ம வீட்டுச் சூட்டை வைத்துக் கணக்குப் போடாமல் கடைக்குப் போகாதீர்கள்.

ஒட்டுவதில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். எல்.இ.டி.க்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் பூசுகிற தெர்மல் பேஸ்ட் பசை இல்லை, அந்த இரண்டு உலோகத்துக்கும் நடுவில் இருக்கிற காற்றை விரட்டுவதுதான் அதன் வேலை. மிளகு அளவு வைத்து, எல்.இ.டி.யை லேசாகத் திருகி அழுத்தி, மூலைக்கு மூலை மாற்றி ஸ்க்ரூவை முடுக்குங்கள். ஓரத்தில் மெல்லிய கோடாகப் பிதுங்கினால் சரி. தடிப்பாகப் பூசினால் அதுவே சூட்டைத் தடுக்கும். ஹீட்சிங்கின் இதழ்கள் மேலும் கீழுமாக நிற்கட்டும், பெட்டியில் கீழேயும் மேலேயும் ஓட்டை போடுங்கள், சூடான காற்று தானாக ஏறிப் போய்விடும். சின்ன காத்தாடி வைக்கலாம்தான், ஆனால் அது நின்றுபோனால் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

எல்.இ.டி.க்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவர், கரண்ட்டை நிலையாக வைத்திருக்கிற வகையாக இருக்கட்டும். எல்.இ.டி. சூடாகச் சூடாக அதற்குத் தேவையான வோல்ட் குறையும், நிலையான வோல்ட்டில் நேரடியாக மாட்டினால் கரண்ட் ஏறி, இன்னும் சூடாகி, கடைசியில் கருகிவிடும். 700 மில்லியாம்பியர் தாங்கும் எல்.இ.டி.க்கு 500 கொடுங்கள், வெளிச்சம் குறைந்தது கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது, சூடு நன்றாகவே குறையும். டிரைவரை ஹீட்சிங்க் பக்கத்தில் வைக்காதீர்கள், அதற்குள் இருக்கும் கெப்பாசிட்டரின் ஆயுள் 10 டிகிரி ஏறினாலே ஏறக்குறைய பாதியாகும். இங்கே வருவது 230 வோல்ட், ஹீட்சிங்கை எர்த் ஒயரோடு இணைத்துவிடுங்கள்.

அப்புறம் ஒரு மணி நேரம் எரியவிட்டு அளந்து பாருங்கள். வெறும் அலுமினியத்தில், தொடாமலே சூட்டை அளக்கும் இன்ஃப்ராரெட் கருவி குறைத்துத்தான் காட்டும், கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டி அதன்மேல் அளக்கணும். என் புது விளக்கு 54 டிகிரியில் நிற்கிறது. சாம்பிராணிப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் இதழ்களில் படிவதால், வெள்ளிக்கிழமை மேடையைத் துடைக்கும்போது விளக்கை அணைத்து, ஆறவிட்டு, பழைய டூத்பிரஷ்ஷால் அதையும் தேய்த்துவிடுகிறேன்.