பெரிய கிளி இருக்கும் வீட்டுக்குச் சின்னக் கிளி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

“அண்ணே, இதுவும் கிளிதான். சைஸ் சின்னது, அவ்வளவுதான்.”

பறவைக் கடைக்காரர் சொன்ன இந்த வார்த்தையை நம்பித்தான் எங்கள் வீட்டுக்கு இரண்டாவது கிளி வந்தது. முதல் கிளி ஓர் ஆப்பிரிக்கன் கிரே, சாம்பல் நிறப் பெரிய கிளி. பெயர் சொக்கன், அப்போது அவனுக்கு 11 வயது. குக்கர் விசில், பால்காரர் ஹாரன், அம்மாவின் இருமல் எல்லாம் அவனுக்கு அத்துப்படி. இப்படி ஒருவனைப் பதினோரு வருடம் வளர்த்த நமக்கு 50 கிராம் பறவை ஒரு பெரிய விஷயமா என்ற மிதப்பு எனக்கு. எனக்குத் தெரிந்திருந்ததெல்லாம் சொக்கனை மட்டும்தான் என்பது அப்புறம்தான் புரிந்தது.

புதிதாகக் கிளி வளர்ப்பவர் பயந்து பயந்து நாலு பேரிடம் கேட்டுச் செய்வார். பழகிய வீட்டுக்காரர் கேட்க மாட்டார். அதனால் இதைப் பழகிய வீட்டுக்காரர்களுக்காக எழுதுகிறேன்.

எங்கள் முதல் தவறு, சொக்கனுக்குத் துணை வேண்டும் என்று வாங்கியது. “ஒத்தையா உக்காந்திருக்கான், பாவம்டா” என்று அம்மா ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இரக்கம் சரிதான், கணக்குத்தான் தப்பு. கிரே மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் மழைக்காட்டுப் பறவை. காக்டெயில், பட்ஜி என்ற சின்னக் கிளிகள் இரண்டும் ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்துப் பறவைகள். கான்யூர் என்ற சின்னக் கிளிக்கு ஊர் தென் அமெரிக்கா. கத்தலும் உடல்மொழியும் இனத்துக்கு இனம் வேறு. ஒன்று கொஞ்சுவதாக நினைத்துக் கிட்டே போனால், மற்றது அதைச் சண்டை என்று எடுத்துக்கொள்ளும். வருடக்கணக்காக மனிதரோடு மட்டுமே இருந்த கிளிக்குத் துணை நீங்கள்தான். புதிதாக வருவது அதன் கண்ணுக்குப் பங்காளி.

நாங்கள் வாங்கியது பீச் ஃபேஸ் லவ்பேர்ட். பட்டாணி என்று பெயர் வைத்தோம். இங்கே ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நம்மூரில் “லவ் பேர்ட்ஸ்” என்று எல்லா வீட்டிலும் சொல்வது பட்ஜியை. நிஜமான லவ்பேர்டைக் கடைக்காரர்கள் “ஆப்பிரிக்கன்” என்று அடைமொழி சேர்த்துச் சொல்வார்கள். பெயர்தான் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறது, குணம் தலைகீழ். பட்ஜி ஒதுங்கிப் போகும். லவ்பேர்டுக்குத் தன் அளவு என்னவென்றே தெரியாது. எங்கள் மதுரைச் செல்லூர்ச் சந்து நாய்க்குட்டி லாரியைத் துரத்துமே, அந்த ஜாதி.

மூன்றாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டாணி பறந்து போய்ச் சொக்கன் கூண்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள். இரண்டும் பழகிவிட்டன என்று நாங்கள் சந்தோஷப்பட்டு, போட்டோ எடுக்க போனைத் தேடினோம். அவன் உள்ளேயிருந்து ஒரே ஒரு கடி. பட்டாணியின் கால்விரல் நுனியும் நகமும் போயின. பறவைக்கு உடல் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் ரத்தம். ஐம்பது கிராம் பறவையின் மொத்த ரத்தமே ஒரு டீஸ்பூன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தரையில் பத்துப் பதினைந்து சொட்டு விழுந்தாலே அது பெரிய சேதம். சோள மாவை வைத்து அழுத்திப் பிடித்தோம், நின்றது. சொக்கன் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அவன் வீட்டுக் கூரையில் ஏறி நின்றால் அவன் வேறு என்ன செய்வான்?

ஆகவே கூண்டுகளை ஒட்டி வைக்காதீர்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் வெளியே விடாதீர்கள். “எங்கள் வீட்டில் இரண்டும் ஒன்றாகத்தான் தூங்கும்” என்பவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கிரேயின் அலகு வாதுமைக் கொட்டையை உடைக்கும் அலகு. அது ஒரே ஒரு நாள் கோபப்பட்டால் போதும். தனித்தனியே விடுவது என்றால் நேரமும் தனித்தனி. முதல் கிளிக்குத் தினம் இரண்டு மணி நேரம் கொடுப்பவருக்கு இன்னொரு ஒன்றரை மணி நேரம் எங்கிருந்து வரும்? கூண்டு வாங்கும் முன்பே இதற்குப் பதில் இருக்க வேண்டும். பெரிய கிளியின் பங்கிலிருந்து எடுத்துக் கொடுத்தால், அது கத்தியோ இறகைப் பிடுங்கியோ உங்களிடம் கணக்குக் கேட்கும்.

அடுத்து சத்தம். மதுரையில் பாதிப் பேருக்குப் பக்கத்து வீட்டோடு ஒரே சுவர். சன் கான்யூர் பார்க்க மாம்பழம் மாதிரி இருக்கும், நூறு கிராம் சொச்சம்தான், ஆனால் அது வாயைத் திறந்தால் தெருக்கோடி வரை கேட்கும். யாரும் யோசிக்காத விஷயம் ஒன்று உண்டு. சின்னக் கிளியின் கத்தலைப் பெரிய கிளி கற்றுக்கொள்ளும். கிரே 40 வருடத்துக்கு மேல் வாழக்கூடியது. கான்யூரை யாருக்காவது கொடுத்துவிட்டாலும் அந்தக் கீச்சல் உங்கள் வீட்டிலேயே தங்கிவிடும். வாங்கப்போகும் இனம் விடிகாலையிலும் பொழுது சாயும் நேரத்திலும் எப்படிக் கத்துகிறது என்று, ஏற்கெனவே வளர்ப்பவர் வீட்டில் உட்கார்ந்து ஒரு முறை கேட்டுவிடுங்கள். கடையில் மத்தியானம் பார்த்தால் எல்லாக் கிளியும் சாதுதான்.

தூசு இன்னொன்று. கிரே, காக்டெயில், காக்கட்டூ மூன்றும் உடம்பிலிருந்து பவுடர் போல வெள்ளைத் தூள் உதிர்க்கும் பறவைகள். எனக்கு ஆசை என்னவோ காக்டெயில் மேல்தான். ஆண் காக்டெயிலின் சீட்டி அவ்வளவு இனிமை, குணமும் தங்கம். ஆனால் வீட்டில் வீசிங் இருக்கும் அம்மா, ஏற்கெனவே தூள் உதிர்க்கும் ஒருவன், ஜன்னலைச் சாத்திய ஏசி அறை. அதில் இன்னொரு பவுடர் டப்பா வேண்டாம் என்று விட்டுவிட்டேன். உங்கள் முதல் கிளி பவுடர் இனம் இல்லையென்றால், வீட்டில் யாருக்கும் இழுப்பு இல்லையென்றால், காக்டெயிலை விட நல்ல இரண்டாவது பறவை எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். இருட்டில் திடீர்ச் சத்தம் கேட்டால் காக்டெயில் மிரண்டு கூண்டுக்குள் முட்டி மோதிக்கொள்ளும். சித்திரைத் திருவிழா வேட்டும் தீபாவளிச் சரமும் வெடிக்கும் ஊரில் அதற்கு இரவில் ஒரு சின்ன விளக்கு எரிய வேண்டும்.

காகித வேலையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மதுரைக்காரனுக்குக் கிளி என்றாலே பச்சைக்கிளி. அம்மன் கையில் இருப்பதும் அதுதான், கோயிலின் கிளிக்கூட்டு மண்டபத்தில் ஒரு காலத்தில் கூண்டில் வளர்த்து மீனாட்சி பெயர் சொல்லப் பழக்கியதும் அதைத்தான். இன்று அதை வீட்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மரப்பொந்திலிருந்து குஞ்சை எடுத்து வந்து “சின்னதுதானே சார்” என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். நீல ரிங்நெக், மஞ்சள் ரிங்நெக் என்று விற்பதும் இனத்தில் பச்சைக்கிளியேதான். நிறம் மாறியதை நம்பிச் சிக்கல் தேட வேண்டாம் என்பது என் கட்சி. வெளிநாட்டு இனங்களில், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ‘சைட்ஸ்’ என்ற சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் உள்ளவற்றை, 2024-இல் வந்த விதிகளின்படி, மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். கான்யூர், குவேக்கர் கிளி, ஃபிஷர் லவ்பேர்ட் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. பட்ஜி, காக்டெயில், பீச் ஃபேஸ் லவ்பேர்ட் மூன்றும் இல்லை. விற்பவரிடம் பில்லும் பதிவு விவரமும் கேட்டு வாங்குங்கள். தர யோசிக்கிறார் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

சரி, பறவையைத் தேர்ந்தெடுத்தாயிற்று. நேரே ஹாலுக்குக் கொண்டுவருவதுதான் பழகிய வீடுகளில் நடக்கும் மிக ஆபத்தான தவறு. லவ்பேர்டும் பட்ஜியும் வெளியே ஒன்றும் தெரியாமல் அலகு-இறகு நோயின் வைரஸைச் சுமந்து வரலாம். கிரேக்கு அது தொற்றினால் உயிரே போகலாம், குறிப்பாக இளம் கிரேக்கு. சிட்டகோசிஸ் என்ற கிளி நோய் மனிதருக்கும் வரும். காய்ச்சலும் வறட்டு இருமலும் என்று டாக்டரிடம் போனால், வீட்டில் கிளி இருப்பதைச் சொல்லிவிட வேண்டும். புதுப் பறவையை 45 நாள் தனியே வையுங்கள். தனி என்றால் வேறு அறை, வேறு கிண்ணம், வேறு துணி. முதலில் பழைய கிளிக்குத் தீனி, கடைசியாகப் புதியதற்கு, அப்புறம் கை கால் கழுவிச் சட்டை மாற்ற வேண்டும். எங்கள் வீட்டில் அப்படி ஓர் அறை கிடையாது. பட்டாணியை ஹாலின் அடுத்த மூலையில் வைத்ததையே தனிமை என்று நினைத்தோம். ஒன்றும் ஆகாமல் போனது வெறும் அதிர்ஷ்டம். பின்னால் இரண்டாவது முறை வேறொரு சின்னக் கிளி வாங்கியபோது, அதைத் திருநகரில் சித்தி வீட்டு மாடி அறையில் 45 நாள் வைத்தோம். தினமும் போய் வந்த பெட்ரோல் செலவு, ஒரு டாக்டர் பில்லை விடக் குறைவு.

மொட்டை மாடியில் தகரக் கொட்டகை போட்டு அங்கே வைக்கிறேன் என்பவர்களுக்கு: மே மாத மதுரையில் தகரத்தின் கீழே ஒரு மணி நேரம் நீங்கள் உட்கார்ந்து பாருங்கள், போதும். பூனை, காக்காய், எலி எல்லாம் அதற்குப் பிறகுதான்.

பழைய பெரிய கூண்டைச் சின்னக் கிளிக்குக் கொடுக்கும் சிக்கனமும் வேண்டாம். கம்பி இடைவெளியில் தலை மாட்டிக்கொள்ளும். பட்ஜி, லவ்பேர்டுக்கு அரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி கூடாது. உயரத்தை விட அகலம் முக்கியம். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பி வலையில் நீங்களே கூண்டு அடிப்பதென்றால் வினிகர் தடவித் தேய்த்துக் கழுவிக் காயவையுங்கள், துத்தநாகத் துகளைக் கொறித்தால் விஷம். வீட்டு சீலிங் ஃபேன் சொக்கனுக்கு ஒரு பிரச்சினையாகவே இருந்ததில்லை. அவன் நடந்து போகிற ஆள். சின்னது சரேலென்று மேலே போகும். வெளியே விடும் முன் ஃபேனை அணைப்பது எங்கள் கைக்குப் பழக்கமாக இரண்டு மாதம் ஆனது.

தீனியில் ஒரு வார்த்தை. பெரியவன் கிண்ணத்திலிருந்து கொஞ்சம் எடுத்துப் போடுவது எளிது, ஆனால் சூரியகாந்தி விதையும் கடலையும் சின்ன உடம்பில் சீக்கிரம் கொழுப்பாகிவிடும். தினை, சாமை, முருங்கைக்கீரை, கொத்தமல்லி, காரட், நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கடல் நுரை, முடிந்தால் பெல்லட் என்ற உருண்டைத் தீவனம். கொடைக்கானலிலிருந்து வந்து இறங்கும் பட்டர் ஃப்ரூட்டை எந்தக் கிளிக்கும் காட்டாதீர்கள், அது விஷம்.

நாமே கூழ் ஊட்டி வளர்க்கும் ‘ஹேண்ட் ஃபீட்’ குஞ்சாக வாங்கினால்தான் ஒட்டும் என்பதும் தவறு. தானே தின்னப் பழகிய குஞ்சும் நன்றாகவே ஒட்டும். கூழின் சூடு கொஞ்சம் கூடினால் கழுத்தடித் தீனிப்பை வெந்துவிடும், புரையேறினால் போயிற்று. கிரேக்கு ஊட்டிய கை 30 கிராம் குஞ்சுக்குச் சரிப்படும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

இனி எனக்குச் சொல்லக் கஷ்டமான பகுதி. பட்டாணியை வாங்கிய அன்று கடையில் ஒரு மண் பானையை இலவசமாகத் தந்தார்கள். ஒற்றைப் பறவைக்குப் பானை எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவள் நாளிதழைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்துத் தன் வால் பக்கத்து இறகுக்குள் செருகிக்கொள்வாள். அத்தனை அழகு. வீடியோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினோம், இன்னும் பேப்பர் கொடுத்தோம். அது விளையாட்டே இல்லை, கூடு கட்டக் கிளம்பிய பெட்டையின் வேலை. ஆண் இல்லாமலும் முட்டை வரும். ஒன்றை எடுத்தால் இன்னொன்று, அதை எடுத்தால் இன்னொன்று. உடம்பின் சுண்ணாம்பெல்லாம் ஓட்டுக்கே போய், கடைசி முட்டை உள்ளே அடைத்துக்கொண்டது. இரவு ஒன்பது மணி. பறவை பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவர் யாரும் அந்த நேரத்துக்குக் கிடைக்கவில்லை. திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு விடிந்ததும் கிளம்பலாம் என்று இருந்தோம். விடிவதற்குள் முடிந்துவிட்டது. பானையும் இருட்டு மூலையும் கிழிக்கப் பேப்பரும் கொடுக்காதீர்கள். பறவை பார்க்கும் மருத்துவரின் எண் போனில் ஏறிய பிறகு பறவையை வாங்குங்கள்.

பெரிய கிளி நோயைத் தாங்கும் நாள் கணக்கு வேறு, சின்னக் கிளிக்கு வேறு. இரை எடுக்காமல் ஒரு நாள் போனாலே ஆபத்து. அதுவும் எல்லாக் கிளியையும் போல நோயை மறைத்துக்கொண்டே இருக்கும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, தராசுதான் சொல்லும். சமையலறை டிஜிட்டல் தராசு போதும், ஒரு கிராம் வரை காட்டினால் சரி. 70 கிராம் பறவை 63-க்கு வந்துவிட்டால் அன்றைக்கே மருத்துவர். சொக்கனைப் பதினோரு வருடத்தில் நாங்கள் ஒரு தடவைகூட எடை பார்த்ததில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

ஒரு வருடம் எதுவும் வாங்காமல் இருந்துவிட்டு, இரண்டாவது முறை கிரீன் சீக் கான்யூர் ஒன்றைக் கொண்டுவந்தோம். ஆண் என்று டிஎன்ஏ சோதனைச் சீட்டு பார்த்து, பதிவு முடித்து வாங்கியது. பெயர் மிளகு. சன் கான்யூரோடு ஒப்பிட்டால் சத்தம் எவ்வளவோ பரவாயில்லை, பவுடரும் இல்லை. கடிப்பான், அதை மறைக்க மாட்டேன். காலையில் தராசில் ஏறினால் தினைக் கதிரிலிருந்து இரண்டு மணி கூலி. இருவரும் இன்றுவரை ஒரே நேரத்தில் வெளியே வந்ததில்லை. ஆனால் தராசின் ‘பீப்’ சத்தத்தைச் சொக்கன் கற்றுக்கொண்டுவிட்டான். மத்தியானம் எல்லோரும் படுத்திருக்கும்போது தன் கூண்டிலிருந்து ஒரு ‘பீப்’ விடுவான். அடுத்த அறையில் மிளகு விழித்துக்கொண்டு, கூண்டுக் கதவோரம் வந்து தினைக்காக நிற்பான்.